சிரிக்காமல் எழுதிய கணக்கு

தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என்று இரண்டாகப் பிரிக்கிறது. முகத்துக்கு நேரே வைவது முதல் வகை. பழிப்பை உள்ளே மறைத்து, மேலுக்குப் புகழ்ச்சி போலவோ சாதாரணப் பேச்சு போலவோ காட்டுவது இரண்டாவது வகை. ஏழைகள் நடத்தப்படும் விதத்தை அம்பலப்படுத்தப் புறப்பட்ட எழுத்தாளர்களுக்குப் பெரும்பாலும் கைகொடுத்தது இரண்டாவதுதான். ஏழைக்கு நேரும் கொடுமையில் அரிவாளோடு நிற்கும் வில்லன் அநேகமாக இருப்பதில்லை. தீர்வை பாக்கி, ஜப்தி, தகுதிச் சான்றிதழ், அடுத்த திங்கட்கிழமை வரச் சொல்லும் அலுவலகம், கூலியில் ஒரு பிடித்தம் என்று எல்லாமே முறைப்படி நடக்கின்றன. கையெழுத்துப் போட்டவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியம்கூடக் கிடையாது. அப்படியிருக்க யாரைத் திட்டுவது? அந்த முறையையே எடுத்து, அதன் குரலிலேயே, அதன் பவ்யம் குறையாமல் திருப்பிச் சொல்லும் வழிதான் எழுதுகிறவருக்கு மிஞ்சுகிறது.

தமிழில் இதற்குப் பழைய உதாரணம் ஒன்று, நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்தைப் பற்றிக் காளமேகப் புலவர் பாடியதாக வழங்கும் வெண்பா. பசித்து வந்தவர்களுக்கென்று ஏற்பட்ட சத்திரத்தில் அரிசி வந்து சேர்வதற்கும் சோறு இலையில் விழுவதற்கும் இடையே ஓர் இரவே கழிந்துவிடுகிறது என்பதுதான் பாட்டின் விஷயம். வசைச்சொல் ஒன்றுகூட அதில் இல்லை. வேளைக் கணக்கு மட்டும் இருக்கிறது. சத்திரக்காரர் வந்து கெஞ்சியதும் அதே பாட்டுக்குப் புகழ்ச்சியாகப் பொருள் சொல்லிக் கொடுத்துவிட்டுப் புலவர் போனார் என்று கதை தொடர்கிறது. புலவரின் சாமர்த்தியத்துக்குச் சான்றாக இதைச் சொல்வது வழக்கம். பட்டினியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் பக்கமிருந்து பார்த்தால் கதை வேறு மாதிரி தெரியும். மறைத்துச் சொன்னதை மாற்றியும் சொல்லிவிடலாம். அவர்களுடைய குறையைச் சொல்ல வந்த பாட்டு சத்திரத்துக்கே விளம்பரமாகிவிட்டது. பழிகரப்பு அங்கதத்தின் இந்தப் பலவீனம் இன்றுவரை தீரவில்லை.

இந்த உத்தியை அதன் எல்லைவரை கொண்டுபோனவர் டப்ளின் நகரத்துச் செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தின் டீன் ஜோனதன் ஸ்விஃப்ட். 1729இல் பெயர் போடாமல் அவர் வெளியிட்ட 'எ மாடஸ்ட் புரபோசல்' என்ற சிறு பிரசுரம், அயர்லாந்து ஏழைகளின் குழந்தைகளை ஒரு வயதானதும் பணக்காரர்களின் சாப்பாட்டு மேசைக்கு விற்றுவிடலாம் என்று யோசனை சொல்கிறது. சொல்பவர் பைத்தியமும் அல்ல, கொடியவரும் அல்ல. நாட்டு நலனில் அக்கறையுள்ள, புள்ளிவிவரப் பிரியரான ஒரு கனவான். ஆண்டுக்கு 1,20,000 ஏழைக் குழந்தைகள் பிறக்கின்றன என்கிறார். இனவிருத்திக்கு 20,000 ஒதுக்கினால் மீதி ஒரு லட்சம். ஓராண்டு வளர்க்க இரண்டு ஷில்லிங் செலவு, விலை பத்து ஷில்லிங், தாய்க்கு நிகர லாபம் எட்டு ஷில்லிங். பெற்றோரை ஏற்கெனவே விழுங்கிவிட்ட நிலக்கிழார்களுக்குப் பிள்ளைகள்மீது முதல் உரிமை உண்டு என்று நியாயமும் சேர்த்துக்கொள்கிறார்.

அந்தக் கணக்குப் போடும் முறையை ஸ்விஃப்ட் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. முந்தைய தலைமுறையில் வில்லியம் பெட்டி போன்றோர் அயர்லாந்தின் நிலத்தை அளந்து, மக்களை எண்ணி, ஒரு தலைக்கு இவ்வளவு பெறும் என்று மதிப்புப் போடும் 'அரசியல் கணிதம்' என்ற துறையையே வளர்த்திருந்தார்கள். மனிதரைப் பவுன் ஷில்லிங்கில் மதிப்பிடுவது பண்பட்ட பழக்கமாக இருந்தது. ஸ்விஃப்ட் அதை ஒரே ஒரு படி தள்ளி வைத்தார், அவ்வளவுதான். பிரசுரத்தின் கடைசிப் பகுதியில், ஊரில் இல்லாத நிலக்கிழார்களுக்கு வரி போடுவது, உள்நாட்டுத் துணியை உடுத்துவது, குத்தகைக்காரரிடம் கொஞ்சமாவது இரக்கம் காட்டுவது என்று உண்மையான பரிகாரங்களையெல்லாம் அந்தக் கனவான் வரிசையாகச் சொல்லி, இவற்றை யாரும் தன்னிடம் பேச வர வேண்டாம் என்கிறார். உள்நாட்டுப் பொருளை வாங்குங்கள் என்று ஸ்விஃப்ட் 1720லேயே நேரடியாக எழுதிப் பார்த்தவர். நேர்ப்பேச்சு பலிக்காமல் போன பிறகே இந்தக் குரலுக்கு வந்தார் என்பது பிரசுரத்தைச் சும்மா குரூர நகைச்சுவையாகப் படிப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

டப்ளினில் வேண்டுமென்றே எழுதப்பட்ட இந்த வகை எழுத்தின் வரலாறு புதுச்சேரியில், அங்கதம் எழுத வேண்டும் என்ற எண்ணமே இல்லாத ஒருவரிடம் தொடங்குகிறது. ஆனந்தரங்கப் பிள்ளை வணிகர். பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடையாளுமாக உயர்ந்தவர். ஆளுநர் துய்ப்ளேக்சுக்கு நெருக்கமானவர். 1736இலிருந்து, நகரம் ஆங்கிலேயரிடம் விழுவதற்குச் சில நாள் முன்பு 1761 ஜனவரியில் இறக்கும்வரை அவர் எழுதிவந்த நாட்குறிப்பில் யாருக்கு எத்தனை பீரங்கி மரியாதை, யார் என்ன நஜர் காணிக்கை வைத்தார், எந்தக் கப்பல் எப்போது வந்தது என்பதெல்லாம் நுணுக்கமாகப் பதிவாகியிருக்கின்றன. 1743ஆம் ஆண்டுக் குறிப்புகளுக்கு இடையே, ஏழை எளியவர்களை ஏமாற்றிக் கொண்டுவந்து அடைத்துவைத்து அடிமைகளாகக் கப்பலேற்றிய விவகாரமும் வருகிறது. பக்கத்துப் பக்கமாக இரண்டும் கிடக்கின்றன. மரியாதைக் குண்டுகளின் எண்ணிக்கையைத் தவறாமல் எழுதும் அதே கைதான் இதையும் எழுதுகிறது. எழுதியவர் எந்தக் குத்தலையும் நினைக்கவில்லை, படிப்பவருக்குத்தான் குத்துகிறது.

புதுச்சேரிக்காரரான பிரபஞ்சன் அந்த நாட்குறிப்பைத் தன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' நாவல்களுக்கு அடிப்படையாக்கிக்கொண்டார். இரண்டாவது நாவலுக்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. துபாஷியின் உயரத்திலிருந்து தெரிந்த ஊரை வேலைக்காரர்களும் தாசிகளும் நிற்கும் தரையிலிருந்து காட்டியது அவர் செய்த காரியம். மகுடங்களும் பட்டாபிஷேகங்களும் அப்படிப் பார்க்கும்போது தாமாகவே கொஞ்சம் கோமாளித்தனமாகிவிடுகின்றன. அன்றைய நகரத்தை வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம் என்று பிரித்திருந்தார்கள். இன்று முதல் பெயரை மட்டும் விடுதிகள் வாடகையோடு சேர்த்து விற்கின்றன. இரண்டாவது பெயரில் அறை வாடகைக்கு விட யாரும் முன்வரவில்லை.

அடிமைக் கப்பல்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் மொரிஷியசும் இன்றைய ரியூனியனும் இருந்தன. அக்காலத்து ஐரோப்பா அத்தகைய தீவுகளின் சர்க்கரையைத் தின்றுகொண்டிருந்தபோது, 1759இல் வால்டேர் 'கான்டீட்' நாவலை வெளியிட்டார். அதில் சூரினாம் நகருக்கு வெளியே ஓர் அடிமை தரையில் கிடக்கிறான். ஆலையில் விரல் மாட்டினால் கையை வெட்டுவார்கள், ஓடினால் காலை வெட்டுவார்கள், தனக்கு இரண்டும் நடந்துவிட்டது என்று வழக்கத்தைச் சொல்வதுபோல் சொல்கிறான். ஐரோப்பாவில் நீங்கள் சர்க்கரை சாப்பிடுவது இந்த விலைக்குத்தான் என்றும் சேர்த்துக்கொள்கிறான். அவன் அழுவதில்லை. கான்டீட்தான் அழுகிறான். நடப்பதெல்லாம் நன்மைக்கே என்று தன் குரு பாங்லோஸ் சொல்லித்தந்த தத்துவம் அந்த இடத்தில்தான் அவனுக்கு முதல்முறையாகத் தொண்டையில் சிக்குகிறது. வால்டேருக்குப் புதுச்சேரி தெரியாத ஊர் அல்ல. 1761இல் இந்த நகரத்தை இழந்ததற்காக மரண தண்டனை பெற்ற தளபதி லாலியின் பெயரைத் துடைக்கப் பிற்காலத்தில் வாதாடியவர் அவர். பிரான்ஸ் 1848இல் அடிமை முறையை ஒழித்தது. தோட்டங்களுக்கு அப்போதும் ஆள் வேண்டியிருந்தது. 1853இல் 'ஒரேலி' என்ற கப்பல் புதுச்சேரியிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு மார்த்தினிக் தீவில் இறக்கியது. விலங்குக்குப் பதில் ஒப்பந்தப் பத்திரம் வந்திருந்தது.

கூலிக் கப்பல்கள் நின்று இரண்டு தலைமுறை ஆவதற்குள் புதுச்சேரி வேறொரு காரணத்துக்காக அங்கதத்தின் ஊராயிற்று. சென்னையில் 1906இல் தொடங்கிய 'இந்தியா' வார இதழ் தமிழில் அரசியல் கருத்துப்படங்களைத் தொடர்ந்து வெளியிட்ட முதல் பத்திரிகை. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற பிரெஞ்சுப் புரட்சியின் மூன்று சொற்களை அது தொடக்கத்திலிருந்தே தலைப்பில் தாங்கியிருந்தது. 1908இல் அதன் பதிவுபெற்ற ஆசிரியர் எம். சீனிவாசன் கைதானார், உண்மையில் பத்திரிகையை நடத்திய சுப்பிரமணிய பாரதி எல்லை கடந்து புதுச்சேரிக்கு வந்தார். அந்த அக்டோபரில் இதழ் இங்கிருந்து மீண்டும் வெளிவந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையத் தடை வந்ததால் 1910 மார்ச்சோடு நின்றுபோனது. வாசகர்களுக்குக் கருத்துப்படம் புதிது என்பதால் படத்தோடு 'சித்திர விளக்கம்' என்று ஓர் உரையும் போடுவார்கள். சிரிப்புக்கு உரை எழுதினால் சிரிப்பு போய்விடும் என்பார்கள்; இங்கே உரையும் சேர்ந்தே குத்தியது. வெள்ளை அரசு தன் தயாளத்தைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் சொற்களுக்குப் பக்கத்தில் அந்தத் தயாளத்தின் விளைவு வரைந்து வைக்கப்பட்டது.

ஆனாலும் அந்தப் படங்களில் ஏழை பெரும்பாலும் தனி ஆளாக வருவதில்லை. 'இந்தியா' என்ற பெரிய உருவத்தின் மெலிவாகத்தான் வருகிறான். தேசத்தை ஒருவர் கொள்ளையடிக்கிறார் என்பது படத்தின் செய்தி. தேசத்துக்குள்ளேயே யார் யாரைக் கொள்ளையடிக்கிறார்கள் என்பதற்குப் பாரதி உரைநடைக்கு வர வேண்டியிருந்தது. முற்றுப்பெறாமல் நின்றுபோன 'சின்னச் சங்கரன் கதை'யில் கவுண்டனூர் ஜமீன்தார் ராமசாமிக் கவுண்டரும் அவரைச் சுற்றியிருக்கும் புலவர் கூட்டமும் வருகிறார்கள். பாரதி பிறந்து வளர்ந்த எட்டயபுரத்தின் சாயல் அந்த ஊரில் தெளிவாகத் தெரியும். ஜமீனின் நாள் முழுவதும் அவருடைய சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் புகழ்ச்சிக்கும் சரியாகப் போய்விடுகிறது; அவருக்குச் சோறு போடுகிற குடிகளைப் பற்றி அங்கே யாரும் மூச்சுவிடுவதில்லை. கதை அந்த மௌனத்தையே ஆயுதமாக்குகிறது. 'தராசு', 'காக்காய்ப் பார்லிமெண்ட்' போன்ற சுதேசமித்திரன் எழுத்துக்களிலும் தான் சிரிக்காமல் மற்றவரைச் சிரிக்கவைக்கும் அதே குரல் கேட்கிறது.

அடைக்கலம் தேடி வந்தவருக்கு ஒரு நெருக்கடி எப்போதும் உண்டு. பிரிட்டிஷாரை எள்ள இங்கே இடம் இருந்தது. இடம் கொடுத்தவரை எள்ளுவது எளிதல்ல. ஃபிஜி கரும்புத் தோட்டங்களில் வதைபட்ட பெண்களுக்காகப் பாரதி புதுச்சேரிக் காலத்தில் உருகி எழுதினார். ஃபிஜி பிரிட்டிஷ் தோட்டம். பிரெஞ்சுத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிய துறைமுகத்துக்கு அருகில்தான் அவருடைய வீடு இருந்தது. அதற்குள் அந்தப் போக்குவரத்து நின்றுவிட்டது என்று சமாதானம் சொல்லலாம். ஊரில் அதன் நினைவு நின்றிருக்காது. இதைப் பாரதியின் குறையாகப் பார்ப்பதைவிட அங்கதம் எழுதுகிறவர் எங்கே நிற்கிறார் என்பது அவர் எதைப் பார்க்கிறார் என்பதைத் தீர்மானிக்கிறது என்பதற்கு உதாரணமாகப் பார்ப்பது நியாயம்.

பிரெஞ்சு ஆட்சியின் முரண் முழுதாக வெளிப்பட்டது 1936இல். அந்த ஆண்டு ஜூனில் பாரிசில் லெயோன் ப்ளூமின் மக்கள் முன்னணி அரசு பதவிக்கு வந்தது. வேலைநிறுத்தம் செய்த பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்கு வாரம் 40 மணி நேர வேலையும் சம்பளத்தோடு விடுமுறையும் கிடைத்தன. அடுத்த மாதம் 30ஆம் தேதி அதே அரசின் கொடி பறந்த புதுச்சேரியில், எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய சவானா மில் தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் இறந்தார்கள். அதன் பிறகே, தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா முதலியோரின் முயற்சியால், 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. இந்த இரண்டு மாதத்துச் செய்திகளையும் ஒரே பக்கத்தில் அச்சடித்தால் மேற்கொண்டு ஒரு வார்த்தை எழுத வேண்டியதில்லை. அந்தக் காலத்துப் புதுச்சேரிக்கு எள்ளல் தெரியாமலும் இல்லை. 1930இல் தொடங்கிய 'புதுவை முரசு' இதழில் பாரதிதாசன் எழுதினார். பிற்காலத்தில் 'விடுதலை'யில் 'பலசரக்கு மூட்டை' என்ற பத்தியால் பெயர்பெற்ற குத்தூசி குருசாமி அதன் ஆசிரியப் பொறுப்பில் இருந்தார். ஆனால் அவர்களுடையது பெரும்பாலும் செம்பொருள் அங்கதம். புரோகிதரையும் மதவாதியையும் முகத்துக்கு நேரே அடிப்பது. மில்லின் சங்குச் சத்தத்துக்கு அந்தக் குரல் முழுதாகப் பொருந்தவில்லை.

மில் வாழ்க்கைக்குப் பொருந்திய குரல் புதுமைப்பித்தனிடம் இருந்தது. புதுச்சேரிக்குத் தெற்கே திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த அவர், 1934இல் 'மணிக்கொடி'யில் 'பொன்னகரம்' கதையை எழுதினார். அம்மாளு மில் கூலி; புருஷன் முருகேசன் ஜட்கா ஓட்டுகிறவன். வண்டியோடு விழுந்து அடிபட்டுக் கிடக்கும் அவன் பால் கஞ்சி கேட்கிறான். வீட்டில் காசில்லை. அம்மாளு இருட்டில் ஒருவனோடு ஒதுங்கி முக்கால் ரூபாய் சம்பாதித்துக்கொண்டு வருகிறாள். கதை முழுவதும், ஊரைச் சுற்றிக்காட்டும் உற்சாகமான வழிகாட்டியின் குரலில் நடக்கிறது. சேரியின் நாற்றமும் சாக்கடையும் ஏதோ பார்க்கவேண்டிய காட்சிகள்போல அறிமுகமாகின்றன. எள்ளல் அம்மாளுவின்மேல் ஒரு துளிகூடப் படாமல் கற்பைப் பற்றிப் பேசும் வாசகர்மேலேயே விழுவதுதான் இதில் பெரிய காரியம். ஸ்விஃப்டின் கதைசொல்லியைப் போலவே இந்த வழிகாட்டியும் வாசகரின் ஆள். வாசகரின் வகுப்பு, வாசகரின் பேச்சு. வாசகர் கோபப்படுவதென்றால் தன்னைப் பார்த்தே கோபப்பட வேண்டும்.

கி. ராஜநாராயணன் இதே காரியத்தைப் புதுமைப்பித்தனைவிடச் சத்தமில்லாமல் செய்தார். இடைசெவல் கிராமத்தில் விவசாயியாக இருந்தவர், விவசாயிகள் இயக்கத்தில் சிறை சென்றவர். 1989இல் புதுச்சேரி பல்கலைக்கழகத்துக்கு நாட்டார் வழக்காற்றுப் பேராசிரியராக வந்து, 2021 மே மாதம் இறக்கும்வரை புதுவையிலேயே வாழ்ந்தார். அவருடைய 'கதவு' இடைசெவல் காலத்துக் கதை. ஒரு குடிசை வீட்டுக் கதவில் தொங்கிக்கொண்டு குழந்தைகள் பஸ் விளையாடுகிறார்கள். அப்பா மணிமுத்தாறுப் பக்கம் வேலைக்குப் போனவர், தகவல் இல்லை. தீர்வை பாக்கிக்காகத் தலையாரி ஆட்களோடு வந்து கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார். கதவில்லாத வீட்டில் குளிர்காற்று ஏறிக் கைக்குழந்தை செத்துப்போகிறது. பிறகு ஒருநாள் சாவடிக்குப் பின்னால் அந்தக் கதவு கரையான் அரித்துக் கிடப்பதைச் சிறுவன் சீனிவாசன் பார்க்கிறான். ஓடிப்போய் அக்கா லட்சுமியைக் கூட்டிவருகிறான்.

கதையில் அரசாங்கத்தைக் குறைசொல்லும் ஒரு வாக்கியம் கிடையாது. தலையாரிகூடக் கொடியவரல்ல, ஊரில் கடைக்கோடிச் சம்பளக்காரர். ஆனால் கணக்குப் பார்த்தால் விஷயம் வெளிப்படுகிறது. ஜப்தி செய்யப்பட்ட பொருள் ஏலத்துக்குப் போகவில்லை. கஜானாவுக்கு ஒரு காசு வரவில்லை. பாக்கி அப்படியே இருக்கிறது. அரசுக்குக் கதவு தேவைப்படவே இல்லை. அந்த வீட்டுக்குக் கதவு இல்லாமல் போவதுதான் நடந்த ஒரே காரியம். வருவாய்த் துறையின் வசூல் முறையைப் பற்றி ஆயிரம் பக்க அறிக்கை எழுதினாலும் இந்த ஒரு கரையான் புற்று சொல்வதைச் சொல்லிவிட முடியாது. குழந்தைகளின் கண்வழியே எழுதியதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. குழந்தைக்குத் தீர்வை என்றால் என்னவென்று தெரியாது. அதனால் அதை நியாயப்படுத்திச் சொல்ல வேண்டிய கட்டாயமும் கதைக்கு இல்லை.

இதே எள்ளலைத் திசை திருப்பினால் எவ்வளவு கேவலமாகிவிடும் என்பதற்குத் தமிழ்த் திரைப்பட நகைச்சுவை நிரந்தரச் சாட்சி. கறுப்பு நிறம், குப்பத்துப் பேச்சு, பிச்சைக்காரரின் தட்டு, துப்புரவுத் தொழிலாளியின் உடை ஆகியவற்றைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லும் காட்சிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. விதிவிலக்குகளும் உண்டு. 1954இல் வந்த 'ரத்தக் கண்ணீர்' படத்தில் எம்.ஆர். ராதா நடித்த மோகனசுந்தரம் பணத்திமிரில் எல்லாரையும் எள்ளியவர். குஷ்டரோகியாகித் தெருவுக்கு வந்த பிறகும் நாக்கு அடங்கவில்லை, ஆனால் இப்போது அது அவருடைய பழைய வாழ்க்கையையும் பழைய நண்பர்களையும் கிழிக்கிறது. ஏழையைக் காட்டிச் சிரிக்கவைப்பதற்கும் ஏழையை உண்டாக்கியவரைக் காட்டிச் சிரிக்கவைப்பதற்கும் நடுவே உள்ள தூரத்தை இந்த ஒரு பாத்திரத்துக்குள்ளேயே அளந்துவிடலாம்.

மேல்நோக்கி எள்ளினால் என்ன நடக்கும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் திருநெல்வேலி. 2017 அக்டோபர் 23 அன்று, கந்துவட்டிக் கொடுமை குறித்துப் பலமுறை மனு கொடுத்துப் பயனில்லாத ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்குளித்து இறந்தார். மக்கள் குறைதீர்க்கும் நாள் அன்று. அளவுக்கு மீறிய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003லிருந்தே சட்டம் இருக்கிறது. கார்ட்டூனிஸ்ட் ஜி. பாலா, எரியும் குழந்தையின் முன்னால் முதல்வர், ஆட்சியர், காவல் ஆணையர் மூவரும் ஆடையில்லாமல் ரூபாய் நோட்டுக் கட்டுகளால் உடலை மறைத்துக்கொண்டு நிற்பதாக வரைந்தார். ஆட்சியர் தரப்புப் புகாரின்பேரில் நவம்பர் 5 அன்று கைதானார். மறுநாள் ஜாமீன் கிடைத்தது. மனுக்களுக்குக் கிடைக்காத வேகம் கார்ட்டூனுக்குக் கிடைத்தது. தொல்காப்பியர் கணக்கில் இது செம்பொருள் அங்கதம்தான். படத்தைவிடக் கூர்மையான பழிகரப்பு அங்கதத்தை அந்த வழக்கே எழுதிவிட்டது: கந்துவட்டி விஷயத்தில் அசையாத நிர்வாகம் தன் மானத்துக்குப் பங்கம் என்றதும் இரண்டு வாரத்துக்குள் ஆள் அனுப்பியது.

இன்றைய அங்கதக்காரருக்கு இருக்கும் சிரமம் இதுதான். ஸ்விஃப்ட் ஒரு படி மிகைப்படுத்த வேண்டியிருந்தது. இப்போது அரசாணைகளே அந்தப் படியில் ஏறி நிற்கின்றன. 2018 ஏப்ரல் இறுதியில் புதுச்சேரியின் துணைநிலை ஆளுநர் கிரண் பேடி மண்ணாடிப்பட்டுப் பகுதியைப் பார்வையிட்ட பிறகு ஓர் அறிவிப்பு வெளியிட்டார். திறந்தவெளியில் மலம் கழிக்காத, குப்பையில்லாத கிராமம் என்று தொகுதி எம்.எல்.ஏ.வும் கொம்யூன் ஆணையரும் சேர்ந்து சான்றிதழ் தரும் ஊர்களுக்கே இலவச அரிசி. மே 31க்குப் பிறகு சான்றிதழ் இல்லாத ஊர்களின் அரிசி நிறுத்திவைக்கப்படும் என்பது அதன் சாரம். கழிவறை கட்டித் தருவதும் குப்பை அள்ளுவதும் கொம்யூன் பஞ்சாயத்தின் வேலை. அந்த வேலை நடந்ததா என்று சான்று தருவதும் அதே கொம்யூனின் ஆணையர். நடக்காவிட்டால் பட்டினி கிடக்க வேண்டியவர்கள் மட்டும் வேறு ஆட்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் அறிவிப்பு அன்றே திரும்பப் பெறப்பட்டது. அந்த ஆணையை எழுத்து மாறாமல் ஓர் இதழில் அங்கதப் பகுதியில் அச்சடித்திருந்தால், ஆசிரியர் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டார் என்று வாசகர்கள் கடிதம் போட்டிருப்பார்கள்.

அரிசியின் கதை அத்தோடு முடியவில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தானியத்துக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் முறையை நாட்டில் முதலில் ஏற்ற ஒன்றியப் பகுதிகளில், சண்டிகரோடு புதுச்சேரியும் ஒன்று. 2015 செப்டம்பரில் அது தொடங்கியது. அதன் பிறகும் புதுச்சேரி அரசின் இலவச அரிசியை அரிசியாகத் தருவதா பணமாகத் தருவதா என்று ஆளுநர் மாளிகைக்கும் அமைச்சரவைக்கும் ஆண்டுக்கணக்கில் இழுபறி நடந்தது. ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன. அவற்றின் ஊழியர்கள் சம்பள பாக்கி கேட்டுத் தெருவில் நின்றார்கள். பணம் மக்களின் கைக்கு நேரே போவதால் இடைத்தரகர் இல்லை என்பது அரசுத் தரப்பின் வாதம். வெளிச்சந்தையில் அந்தப் பணத்துக்கு எத்தனை கிலோ அரிசி வரும் என்பது வாங்குகிறவர்களின் கணக்கு. தேர்தலுக்குத் தேர்தல் கடை திறப்பு வாக்குறுதியாகிவந்து, 2024 அக்டோபரில் தீபாவளியை ஒட்டிக் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன. இலவச அரிசியும் சர்க்கரையும் வழங்கும் விழாவாக அது நடந்தது. பூட்டியிருந்த ஆண்டுகளுக்கான விளக்கம் அன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை.